வள்ளப் பலகையில் எரிந்தவர்

1

புயலை நான் காணவில்லை. அறுபத்துநாலாம் ஆண்டு மார்கழியில் அது தீவுகளுக்கு மேலால் போனபோது நான் யாழ்ப்பாணப் பட்டினத்தில், ஓட்டு வீடொன்றில், போர்வைக்குள் கிடந்து மழைச் சத்தம் கேட்ட பள்ளிக்கூடப் பெட்டை. விடிந்தபோது முற்றத்து முருங்கை முறிந்து கிடந்தது. என்னுடைய புயல் அவ்வளவுதான்.

எழுபத்திரண்டில் கலியாணம் முடித்து இந்தத் தீவுக்கு வந்தேன். வந்த வீட்டுக்குள் ஒரு விசித்திரம் இருந்தது. முன் கூடத்தின் மூலையிலிருந்து ஒரு சீமெந்துப் படி மேலே ஏறியது. ஏறிப் போனால் அறை இல்லை, கூரை இல்லை. இடுப்பளவு மதிலோடு ஒரு வெறும் சீமெந்துத் தட்டு, அதற்கு மேல் ஆகாயம். மேல்மாடி கட்டத் தொடங்கி விட்டுவிட்டார்கள் என்று விளங்கியது. ஆனால் பட்டினத்து எல்லையிலுள்ள நாவற்குழியைத் தாண்டியறியாத எனக்கு, தீவின் நடுவில் நின்று நாலு பக்கமும் கடலைப் பார்க்க ஓர் இடம் கிடைத்ததே பெரிய விஷயம். ஏறி நிற்பேன். என் கணவர் பரராசசிங்கம் கீழே நின்று, “அதிலை ஏறாதையும், பாசி பிடிச்சுக் கிடக்கு” என்பார். பாசி அவ்வளவாக இல்லை. அவருக்கு அந்த இடத்தைப் பற்றிக் கதைக்க விருப்பமில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

சொன்னவர் கத்தரீனா அக்கா. கரையிலிருந்து மீன் கொண்டுவருகிறவர். ஒருநாள் தலையிலிருந்த பனையோலைக் கடகத்தை இறக்கி வைத்துவிட்டு, மேலே நின்ற என்னைப் பார்த்து, “உந்தத் தட்டிலைதான் பிள்ளை எங்கட ஊர் முழுக்கக் கிடந்தது” என்றார்.

அன்று தொடங்கியது. இப்போது எண்பத்தோராம் ஆண்டு. இந்தக் கதையை எழுத இத்தனை காலம் எடுத்ததற்கு என் சோம்பல் மட்டும் காரணமில்லை. கதைக்குச் சொந்தக்காரர் இரண்டு பேர், இருவரும் உயிரோடு இருக்கிறார்கள். ஒருவர் கத்தரீனா அக்கா. மற்றவர் என் மாமி மீனாம்பிகை. கத்தரீனா அக்கா கேட்காமலே சொல்வார். மாமி கேட்டாலும் சொல்லமாட்டார். ஆனால் பிழையாகச் சொன்னால் திருத்துவார். அதனால் ஒரு வழி கண்டேன். எழுதியதைக் குசினியில் அவருக்கு முன்னால் இருந்து வாசிப்பது. அவருடைய கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது, காது நல்ல காது. அவர் திருத்திய இடங்களை நான் அழித்துச் சீராக்கவில்லை. அப்படியே விட்டிருக்கிறேன். நீங்கள் அவற்றில் இடறி இடறித்தான் வரவேண்டும்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

“கடல் சீறிக்கொண்டு, மலைபோல் எழுந்து—”

மாமி அரிசி புடைப்பதை நிறுத்தினார். “கடல் சீறேல்லை.”

“பின்னை எப்படி மாமி?”

“சத்தமில்லாமல் வந்தது. காத்துத்தான் சத்தம். தண்ணி கோழிக்கூட்டுப் பக்கத்தாலை, வாய்க்காலாலை, மெல்ல வந்தது. கோழி மிதந்த பிறகுதான் கண்டனான்.”

இரண்டாவது தொடக்கம்: “வானொலி அறிவித்தலை அந்தத் தீவில்—”

“றேடியோ இருந்தது. பற்றறி முடிஞ்சு கிடந்தது.”

மூன்றாவது தொடக்கத்தைப் பயந்து பயந்து வாசித்தேன்: “அன்று காலை தியாகலிங்கம் இறந்தார்.”

மாமி திருத்தவில்லை. சுளகு திரும்ப ஆடத் தொடங்கியது. ஆகவே கதை இங்கே தொடங்குகிறது.

3

அன்று காலை தியாகலிங்கம் இறந்தார். அவர் என் மாமனார். படத்தில் மட்டும் பார்த்திருக்கிறேன். தெற்கே காலி நகரில் சுருட்டுக்கடை வைத்து, அந்த உழைப்பில் இந்தக் கல்வீட்டைக் கட்டியவர். முழங்கால் உயரத்துக்கு அத்திவாரம் எழுப்பி, கூடத்துக்கு மேல் தட்டுப் போட்டு, மேல்மாடிக்கு மதில் எழும்பிக்கொண்டிருந்தபோது ஐம்பத்தெட்டுக் கலவரம் வந்தது. கடை எரிந்தது. கொழும்பு முகாமில் கிடந்து, அகதிக் கப்பலில், உடுத்த வேட்டியோடு வந்து இறங்கினார். மதில் இடுப்பளவில் நின்றுவிட்டது.

வந்தவர் செய்த முதல் வேலை, வளவின் பின்பக்கம் வேலி அடைத்தது. அந்த வளவினூடாகத்தான் கரைச்சனம் கடலுக்குப் போய்வருவது. கத்தோலிக்கக் கடற்றொழிலாளர் குடும்பங்கள், தலைமுறை தலைமுறையாக நடந்த பாதை. வேலி வந்த பிறகு வலையையும் வள்ளத்துப் பாயையும் தோளில் சுமந்து ஊரைச் சுற்றிப் போகவேண்டியதாயிற்று.

நான் இப்படி எழுதியிருந்தேன்: “காலியில் தன்னை எரித்தவர்கள்மேல் இருந்த கோபத்தை அவர் கரைச்சனத்தின்மேல் தீர்த்துக்கொண்டார்.” நல்ல வசனம் என்று எனக்குள் ஒரு பெருமையும் இருந்தது.

“உந்த வசனத்தை வெட்டும்” என்றார் மாமி.

“ஏன் மாமி?”

“அந்தாளுக்குக் கோபம் இல்லை. பயம். பின்பக்கம் திறந்து கிடந்தால் நித்திரை வராது. காலியிலை பின்பக்கத்தாலைதான் வந்தவங்கள்.”

[வெட்டவில்லை. நான் எவ்வளவு சுலபமாகப் பிழைவிடக்கூடியவள் என்பதை நீங்கள் அறிந்திருப்பது நல்லது.]

வேலியைப் பற்றிக் கேட்க வந்தவர் யாகப்பு. கத்தரீனா அக்காவின் கணவர். சொந்த மீன்பிடி வள்ளம் வைத்திருந்தவர், கரையில் சொல் எடுபடுகிற ஆள். வளவு வாசல் படலையில் நின்று நியாயம் கதைத்தார். மாமனார் உள்ளேயிருந்து வெளியே வரவேயில்லை. “இனி உங்கட வளவுக்குள்ளை கால் வைச்சால் நான் யாகப்பு இல்லை” என்று சொல்லிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். ஆறு வருஷம் கரைக்கும் இந்த வீட்டுக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

4

நெஞ்சு நோகுது என்று சொன்ன மாமனார் தேத்தண்ணி வருமுன்னம் போய்விட்டார். அதற்கு முதல்நாளே மழை பிடித்திருந்தது. வாடைக்காற்று விடாமல் அடித்தது. கொழும்பில் வேலை பார்த்த மகனுக்குத் தந்தி அடிக்க ஆள் அனுப்பினால், கம்பி அறுந்துவிட்டது என்று திரும்பி வந்தான். (இந்தக் கதையில் தன்னைப் போடவேண்டாம் என்று என் கணவர் கேட்டுக்கொண்டார். போடாமல் இருக்க முடியவில்லை. ஆனால் இந்த ஒரு வரியோடு அவரை விட்டுவிடுகிறேன். ரயில் ஓடாத நாட்கள் அவை, அவர் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.)

செத்த வீட்டுக்கு வந்தவர்கள் இரண்டே பேர். மாமியின் ஒன்றுவிட்ட தம்பி மயில்வாகனமும் அவர் மனைவியும். தீவின் உட்பக்கத்திலிருந்து மழையில் நடந்து வந்தார்கள். மற்ற உறவுகளுக்கு வழி அடைபட்டுவிட்டது. கரைச்சனம் வரவில்லை. சாவு அவர்களுக்குத் தெரியும். தெரிந்தும் வரவில்லை.

எங்கள் பக்கத்தில் செத்த வீட்டுக்குச் சனம் வராமல் விடுவது என்றால் என்ன என்று வெளியூர் வாசகருக்கு விளக்க ஒரு பந்தி எழுதினேன். பிறகு மாமி சொன்ன ஒரு வசனத்தை மட்டும் வைத்துக்கொண்டேன்.

“தலைமாட்டிலை இருந்து படலையையே பாத்துக்கொண்டிருந்தனான். ஒரு சனம் வரேல்லை.”

படலையால் முதலில் உள்ளே வந்தது தண்ணீர்தான்.

மத்தியானம் கழிந்து காற்று திசை மாறியது. வாடை நின்று, கிழக்கேயிருந்து கொண்டலாகி, பிறகு தெற்கிலிருந்து பிடித்தது. இந்தப் பக்கத்தில் மார்கழியில் அந்தத் திசையிலிருந்து காற்று வருவதில்லை. கரையில் நின்றவர்கள் அதைத்தான் பார்த்துப் பயந்திருக்கிறார்கள். பனைகளின் ஓலை எல்லாம் ஒரே பக்கமாக, தலைமயிரைப் பிடித்து இழுத்ததுபோல் நின்றதாம். கொஞ்ச நேரத்தில் கடல் கரையை விட்டு உள்ளே நடந்தது.

கத்தரீனா அக்கா சொன்னதை அப்படியே தருகிறேன். இதைவிட நன்றாக எழுத எனக்கு வராது.

“தண்ணி எங்களைப் பிடிக்க வந்த மாதிரி இல்லைப் பிள்ளை. அது தன்ர பாட்டுக்கு எங்கையோ போச்சுது. நாங்கள்தான் அதின்ர வழியிலை நிண்டனாங்கள்.”

5

முதலில் எல்லோரும் கோயிலுக்குள் ஓடியிருக்கிறார்கள். நத்தாருக்குக் கட்டிய பாலன் இயேசு குடில் அங்கே இருந்தது. ஓடுகள் ஒவ்வொன்றாக எழும்பிப் பறக்கத் தொடங்கின. தண்ணீர் இருக்கை வாங்குகளை மிதக்க வைத்தது. யாகப்பு எல்லோரையும் வெளியே கூப்பிட்டார்.

“தியாகலிங்கத்தாற்றை வீட்டை போவம்.”

அவருடைய தம்பி அம்புறோஸ், “அங்கை செத்த வீடெல்லோ?” என்றாராம்.

“அப்ப செத்த வீட்டுக்குப் போவம். போகாமல் விட்டது எங்கட பிழை.”

இந்த இடத்தில் நான் யாகப்புவைச் சந்தேகிக்கிறேன். கதையில் வருகிற ஆண்கள் இப்படிச் சரியான நேரத்தில் சரியான வசனம் சொன்னால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். கத்தரீனா அக்கா தன் புருஷனை உயர்த்திச் சொல்கிறாரோ என்று கேட்டும்விட்டேன். அவர் கோபிக்கவில்லை. “வேறை எங்கை போறது? கல்வீடு அது ஒண்டுதான். அந்த மனிசனுக்குப் போக விருப்பமில்லை. ஒரு சாட்டு வேணும். சாவு சாட்டாப் போச்சுது” என்றார். இதை நான் நம்புகிறேன்.

வள்ளத்து நங்கூரக் கயிற்றை முன்னுக்குப் பிடித்தபடி யாகப்பு நடந்தார். சனம் அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தது. குழந்தைகள் தோளில். வேலி படுத்துவிட்டது, பழைய பாதையால், இடுப்பளவு தண்ணீரில் வந்தார்கள். விறாந்தைப் படிக்கட்டுக்கு முன்னால் வந்ததும் யாகப்பு நின்றுவிட்டார். பின்னால் ஊர் முழுக்க நிற்கிறது, தண்ணீர் ஏறுகிறது. அவர் நின்று கூப்பிட்டார்.

“அக்கா, வரலாமோ?”

 கடல் அனுமதி கேட்காமல் வந்த நாளில் ஒரு மனிதன் அனுமதி கேட்டான்.

மயில்வாகனம் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவர் சொல்ல வந்தது என்ன என்று— வேண்டாம். அவருடைய பிள்ளைகள் இதை வாசிப்பார்கள். அவர் சொல்லி முடிக்கவில்லை. மாமி தலைமாட்டிலிருந்து எழும்பி வாசலுக்கு வந்தார்.

“வாங்கோ. அவரைப் பாக்கத்தானே வந்தனீங்கள்.”

யாகப்பு, “ஓம்” என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் முதலில் எழுதவில்லை, நடந்திருக்காது என்று நினைத்தேன். கூடத்துக்குள் தண்ணீர் முழங்காலுக்கு ஏறிக்கொண்டிருக்க, கரைச்சனம் ஒவ்வொருவராகக் கட்டிலைச் சுற்றி வந்து, செத்தவரின் காலடியில் ஒரு கணம் நின்று, சிலுவை போட்டுக்கொண்டு படியேறினார்களாம். ஆண், பெண், குழந்தை எல்லோரும். சாகப் போகிற நேரத்தில் யார் இதைச் செய்வார்கள்?

“படிக்கு வேறை வழி இல்லையே” என்றார் கத்தரீனா அக்கா. “கட்டிலைச் சுத்தித்தான் போகவேணும். போற வழியிலை கும்பிட எவ்வளவு நேரம் எடுக்கும்?”

மாமியிடம் வாசித்தேன். அவர் சுளகில் கையை வைத்தபடி, “வந்தவை. எல்லாரும் வந்தவை” என்றார்.

சனமில்லாத செத்த வீட்டைக் கடல் நிரப்பிக் கொடுத்தது.

6

தண்ணீர் கட்டிலைத் தொட்டதும், யாகப்பு, அம்புறோஸ், மயில்வாகனம் மூன்று பேருமாக உடலைப் போர்வையில் சுற்றி மேலே கொண்டுபோனார்கள். தட்டில் தெற்குப் பக்க மதில்தான் காற்றுக்கு மறைப்பு. அதன் ஓரத்தில் ஒட்டிப் படுத்தால் தப்பலாம். அந்த ஓரத்தில் அவரை நீட்டிக் கிடத்தினார்கள். செத்தவருக்குக் கொடுக்கிற மரியாதை அது. யாரும் யோசித்துச் செய்யவில்லை.

மற்றவர்கள் அவருக்குப் பக்கத்தில், ஒருவர்மேல் ஒருவர் அடுக்கினதுபோல், மதிலோடு படுத்தார்கள்.

“காத்து எண்டு சொல்லாதையும்” என்றார் கத்தரீனா அக்கா. “எங்களுக்கு மேலாலை ஒரு ஆறு ஓடினது. கையை மதிலுக்கு மேலை தூக்கினால் தோள் கழண்டு போயிருக்கும். ஒரு பனையின்ர தலை, முழுசா, பறவை மாதிரி மேலாலை போச்சுது. ஒருத்தரும் கத்தேல்லை. கத்தினாலும் கேக்காது. நான் பாத்துக்கொண்டே இருந்தனான். பயம் முதல் கொஞ்ச நேரந்தான் பிள்ளை. பிறகு பயம் போட்டுது. இவ்வளவு பெரிசா ஒண்டு இருக்கெண்டு எனக்கு அதுவரைக்கும் தெரியாது. கோயிலிலை முழங்காலிலை நிக்கேக்கை வாற மாதிரி ஒண்டு வந்தது.”

ஆனால் இதைப் பார்க்கும் இடத்துக்கு அவர் உடனே வரவில்லை. கைக்குழந்தை மேரிறோசோடு கடைசியாக வந்தவர் அவர். தட்டில் இடமில்லை. படி முழுக்கச் சனம். கீழ்ப்படியில் கத்தரீனா, குழந்தையைத் தலைக்கு மேல் பிடித்தபடி. தண்ணீர் படி படியாக ஏறிக்கொண்டிருந்தது. மறைப்பில்லாத பக்கம் போய்ப் படுத்த ஒருவரைக் காற்று உருட்டியது. காலைப் பிடித்து இழுத்தெடுத்தார்கள். ஆகவே இருக்கிற இடம் அந்த மதிலோரம் மட்டும்தான். அதில் ஓர் ஆளின் நீளத்துக்கு, செத்தவர் கிடந்தார்.

எல்லோருக்கும் அது தெரிந்தது. ஒருவரும் அவர் இருந்த பக்கம் பார்க்கவில்லை.

என் முதல் எழுத்தில் இந்த இடம் இப்படி வந்தது:

“யாகப்பு படியில் நின்ற மனைவியைப் பார்த்தார். பிணத்தைப் பார்த்தார். ‘செத்தவருக்கு இடம் இருக்கு, உசிரோடை நிக்கிறவைக்கு இல்லையோ?’ என்று கேட்டார்.”

இப்படி ஒரு வசனம் சொல்லப்பட்டது என்று கத்தரீனா அக்கா சொன்னார். படியில் நின்றதால் யார் சொன்னது என்று தெரியவில்லை என்றார். யாகப்பு எழுபத்தாறில் காய்ச்சலில் போய்விட்டார், கேட்க ஆள் இல்லை. ஆறு வருஷக் கோபம், படியில் மனைவி, கையில் குழந்தை. வேறு யாருடைய வாயில் இது பொருந்தும்? நான் துணிந்து அவருக்குக் கொடுத்துவிட்டேன்.

வாசித்து முடித்தேன். அடுப்பில் உலை கொதித்தது.

“அது யாகப்பு சொல்லேல்லை” என்றார் மாமி.

“பின்னை ஆர் மாமி? மயில்வாகனம் மாமாவோ?”

“நான்தான் சொன்னனான்.”

 காகிதம் மடியில் கிடந்தது.

“யாகப்பு மாட்டன் எண்டவர். ‘அக்கா, அப்பிடிச் செய்யக்கூடாது, நாங்கள் எப்பிடியும் சமாளிப்பம்’ எண்டவர். அந்த மனிசன் அழுதது. நான்தான் சொன்னனான், இறக்குங்கோ எண்டு. சரியா எழுதும்.”

[சரியாக எழுதுகிறேன்.]

மீனாம்பிகை கேட்டார்: “செத்தவருக்கு இடம் இருக்கு, உசிரோடை நிக்கிறவைக்கு இல்லையோ? இறக்குங்கோ அவரை.”

இறக்கினார்கள். படியில் நின்ற சனம் கைமாற்றிக் கைமாற்றிக் கீழே கொண்டுபோனது. அந்த உடல் கத்தரீனாவைக் கடந்து கீழே போக, கத்தரீனா குழந்தையோடு மேலே போனார். கூடத்தில் கட்டில் மிதந்துகொண்டிருந்தது. யாகப்பு நெஞ்சளவு தண்ணீரில் நின்று, உடலைக் கட்டிலோடு கட்டி, கட்டிலை யன்னல் கம்பியோடு நங்கூரக் கயிற்றால் கட்டினார். நீர்மட்டம் ஏறி இறங்கினாலும் அறாமல், இழுபடாமல் நிற்க, துறையில் வள்ளத்தைத் தளர்த்திக் கட்டுவதுபோல் தளர்த்திக் கட்டினார்.

படியின் நடுவில் வந்து நின்று மாமி கீழே பார்த்து ஏதோ சொன்னாராம். கத்தரீனா அக்காவுக்குக் கேட்டிருக்கிறது.

“கொஞ்ச நேரம் கீழை இருங்கோ.”

7

[இங்கே இரவு வருகிறது. அதை நான் எழுதவில்லை. மாமி அந்த இரவைப் பற்றி ஒரு சொல்லும் சொன்னதில்லை. எது கேட்டாலும் பேசுகிற கத்தரீனா அக்காவும் இந்த இடத்துக்கு வந்ததும் கடகத்தைத் தூக்கிக்கொண்டு எழும்பிவிடுவார். இருவரும் விட்டுவைத்த இடத்தில் நான் கற்பனையை நுழைக்க விரும்பவில்லை. வாசகர் இந்த வெற்றிடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த எண்ணுக்குப் போகலாம்.]

8

விடிந்தபோது காற்று இல்லை. எழும்பி மதிலால் பார்த்தார்கள்.

தீவு இருந்த இடத்தில் ஒரு கண்ணாடி கிடந்தது என்று எழுதினேன். மாமி அதை ஏற்றுக்கொண்டார். வானமும் தண்ணீரும் ஒரே நிறம். நடுவில் மொட்டைப் பனைகள். கோயிலின் முன்சுவர் மட்டும், கூரையில்லாமல், தண்ணீரில் நின்றது. குடிசைகள் இருந்த பக்கத்தில் ஒன்றுமில்லை. பூவரச மரக் கிளையில், மாடு கட்டினதுபோல், ஒரு வள்ளம் இரண்டாகப் பிளந்து தொங்கியது. யாகப்புவின் வள்ளம்.

எல்லோரும் தப்பவில்லை. காற்று மாறிய நேரம் வள்ளங்களைக் கட்டவென்று கடற்கரைக்குப் போனவர்கள் சிலர் திரும்பவில்லை. கத்தரீனா அக்காவின் தம்பி பஸ்ரியாம்பிள்ளை அதில் ஒருவர். அவர் கட்டப் போனது அத்தானின் வள்ளத்தை. அந்தப் பையனைக் கடல் பிறகும் தரவில்லை.

தண்ணீர் வந்ததுபோலவே சத்தமில்லாமல் வடிந்தது. கீழே இறங்கிப் போனால், கட்டில் திரும்பி வந்து வாசலை அடைத்தபடி நின்றது. கயிறு அறவில்லை. போர்வைக்குள் அவர் இருந்தார்.

இப்போது அவரை என்ன செய்வது?

மண்ணில் தாழ்க்கலாமா என்று பார்த்தார்கள். எங்கே தோண்டினாலும் ஒரு முழத்தில் உப்புத் தண்ணீர் ஊறியது. எரிக்க விறகில்லை. தீவு முழுக்க ஒரு காய்ந்த சுள்ளி கிடையாது. விழுந்த பனைகள் ஈரத்தில் கல்லுப்போலக் கிடந்தன. கிணறுகள் எல்லாம் உப்பு. குடிக்க மழைத்தண்ணியை ஏந்தி வைத்துக் குழந்தைகளுக்கு மட்டும் கொடுத்தார்கள். உயிரோடிருப்பவர்களுக்கே ஒன்றுமில்லாத இடத்தில் ஒரு பிணத்தைப் பற்றி யோசிக்க யாருக்கு நேரம் இருக்கப்போகிறது என்று நான் நினைத்தேன். அப்படி இருக்கவில்லை. ஊர் முழுக்க அதையே யோசித்திருக்கிறது.

அடுத்த நாள் யாகப்பு பூவரசடியில் போய் நின்று தன் வள்ளத்தைப் பார்த்தார். வருஷக்கணக்காகச் சுறா எண்ணெய் பூசி, பொருத்துகளில் கீல் என்கிற தாரைக் காய்ச்சி ஊற்றிய பலகைகள். தண்ணீர் அதன் உள்ளுக்குப் போகாது.

“இது பத்தும்” என்றார்.

அம்புறோசுக்கு விளங்கிவிட்டது. “அண்ணை, விசர்க்கதை கதையாதை. பலகையைக் காயவைச்சால் உன்ர வள்ளமும் என்ர வள்ளமும் சேத்து ஒண்டு தேறும். ஒரு வள்ளமெண்டாலும் வேணும் எங்களுக்கு.”

“உன்ரதை நீ வைச்சிரு.”

“என்னத்துக்கு உனக்கு? ஆறு வருஷமா அந்தாள் உன்னோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை.”

 யாகப்பு ஏறி நின்று பலகைகளைக் கழற்றத் தொடங்கினார்.

ஏன் கொடுத்தார்? நான் மூன்று காரணங்கள் எழுதி வைத்திருந்தேன். கீழே இறக்கிக் கட்டிய உடலுக்குக் கடன்பட்டவராகத் தன்னை நினைத்திருக்கலாம். அல்லது, மச்சானைக் கொண்டுபோன வள்ளத்தில் திரும்ப ஏற மனம் இல்லாமல் இருந்திருக்கலாம். மூன்றாவதை வெட்டிவிட்டேன், அதில் ‘மனிதாபிமானம்’ என்ற சொல் இருந்தது. கத்தரீனா அக்காவிடம் கேட்டேன். “கேட்டனான் பிள்ளை. ‘நல்லா எரியும்’ எண்டு மட்டும் சொன்னவர்” என்றார்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்ற அம்புறோஸ், அண்ணனைத் திட்டியபடியே மறுபக்கம் ஏறி ஆணி கழற்றினார். பிறகு மற்றவர்களும் வந்தார்கள். உடைந்த துடுப்பு, பாய்மரத் துண்டு, வள்ளத்தின் விலாவான வங்குக்கால் என்று ஆளுக்கு ஒன்று கொண்டுவந்தார்கள். தேறக்கூடியதையும் சிலர் கொண்டுவந்ததாகச் சொல்கிறார்கள்.

9

வளவிலேயே, கொஞ்சம் மேடாகக் கிடந்த ஓர் இடத்தில் அடுக்கினார்கள். சுடலைக்குப் போக வழியில்லை. ஐயர் இல்லை, பறை இல்லை. தூக்கியவர்கள் யாகப்புவும் அம்புறோசும் கரையின் வேறு இருவரும். வேற்றுச் சாதியார் பாடை தூக்குவது ஒருநாளும் நடவாத காரியம். மயில்வாகனம் அதைத் தடுக்கவில்லை, கொள்ளி வைக்கக் குளித்து ஈர வேட்டியோடு நின்றார். அலுமாரியின் மேல்தட்டில் பிஸ்கற் தகரத்துக்குள் கிடந்த நெருப்புப்பெட்டி காய்ந்திருந்தது.

பற்றியது. முதலில் கரும்புகை, சுறா எண்ணெயின் நாற்றம், கீல் வெடிக்கும் சத்தம். பிறகு சுவாலை. அப்படி ஒரு நெருப்பைத் தான் பிறகு காணவில்லை என்கிறார் கத்தரீனா அக்கா. ஆள் உயரத்துக்கு மேல், விளிம்பில் பச்சையும் நீலமுமாக, சுற்றிவரத் தேங்கிநின்ற தண்ணீரெல்லாம் அதே நிறத்தில் ஆட, பின்னேர வெளிச்சத்தில் தண்ணீருக்குள்ளும் ஒரு சிதை எரிவதுபோல் இருந்ததாம்.

எங்கள் சனத்தில் பெண்கள் சிதைக்குப் பக்கத்தில் போவதில்லை. மாமி விறாந்தையில் நின்றார். கத்தரீனா அவரைக் கையில் பிடித்து, “வாங்கோ அக்கா” என்று கூட்டிப் போனார். பின்னால் கரைப் பெண்களும் வந்தார்கள். பிறகு அழுகை தொடங்கியது. கணவனை, தம்பியை, மகனைக் கடலில் விட்ட பெண்கள் தியாகலிங்கத்தாரைப் பார்த்து அழுதார்கள்.

“எங்கட ஆக்களுக்கு அழ எங்களுக்கு ஒரு உடம்பு இல்லை” என்றார் கத்தரீனா அக்கா. “அவர் ஒருத்தர்தான் இருந்தவர். அவரை வைச்சு எல்லாருக்கும் அழுதம்.”

10

பல முடிவுகள் எழுதினேன்.

ஒன்றில், வேலி திரும்ப அடைக்கப்படவில்லை, இரண்டு சனமும் ஒன்றாகிவிடுகிறது. அது பொய். அடுத்த வருஷம் வேலி வந்தது. ஆனால் வலையோடு ஓர் ஆள் ஏறி இறங்கக்கூடிய ஒரு கடப்பு வைத்து அடைத்தார்கள். அதால் இன்றும் போய்வருகிறார்கள், சில நாள் முகம் பார்த்து, சில நாள் பார்க்காமல்.

இன்னொன்றில், யாகப்புவுக்கு யாரோ புது வள்ளம் கொடுக்கிறார்கள். அதுவும் நடக்கவில்லை. அவர் அம்புறோசின் வள்ளத்தில் தொழிலுக்குப் போனார், கடைசிவரை.

மூன்றாவது முடிவைக் கத்தரீனா அக்கா போன கிழமைதான் தந்தார். மீனை வெட்டிக்கொண்டு, ஏதோ மறந்துபோனதைச் சொல்வதுபோல.

“குளிர் பிள்ளை. மூண்டு நாளா நனைஞ்ச உடுப்பு. பல்லுக் கிட்டிப்போய் நிண்டனாங்கள். அந்த நெருப்பு ஒண்டுதான் தீவிலை. முதல் ஒரு குழந்தை கிட்டப் போய்க் கையை நீட்டினது. ஆரோ இழுத்தினம். பிறகு அவையும் நீட்டிச்சினம். கடைசியிலை எல்லாரும் சுத்திவர நிண்டு கை காய்ச்சினம். நான் மேரிறோசின்ர துணியைக் காயப் பிடிச்சனான். பாவமெண்டு ஒருத்தருக்கும் தோன்றேல்லை. சூடு உடம்பிலை ஏற ஏற, நான் உயிரோடை இருக்கிறன் எண்டு அப்பத்தான் தெரிஞ்சது.”

“மாமியும் நீட்டினவவோ?”

“ஓம். எனக்குப் பக்கத்திலைதான் நிண்டவ. இரண்டு கையையும் நீட்டினவ.”

அன்று பின்னேரம் குசினியில் இதை மாமிக்கு வாசித்தேன். ஊர் முழுக்க அந்த நெருப்பில் குளிர்காய்ந்த இடம் வரை கேட்டுக்கொண்டிருந்தார். தன்னைப் பற்றிய வரி வந்ததும் முகத்தைத் திருப்பினார்.

“நான் கையைக் கட்டிக்கொண்டு நிண்டனான்” என்றார்.

“கத்தரீனா அக்கா சொன்னவ—”

“அவவுக்கு அப்பிடித் தெரிஞ்சிருக்கும்.”

நான் கேட்டேன். “அப்ப எப்பிடி மாமி எழுதுறது?”

மாமி எழும்பினார். கண் தெரியாததால் சுவரைத் தொட்டுத் தொட்டு அடுப்படிக்குப் போய், உலைமூடியைத் திறந்தார். ஆவி முகத்தில் அடித்தது. மூடினார்.

“சூடாத்தான் இருந்தது” என்றார். 

ஆகவே இரண்டு வரியையும் கீழே எழுதிவிடுகிறேன். ஒன்றை நான் வெட்டவேண்டும். என்னால் முடியவில்லை, நான் இந்த வீட்டில் இருக்கிறவள். உங்கள் கையில் பேனை இருந்தால் நீங்கள் வெட்டுங்கள்.

சிதையின் முன் மீனாம்பிகை கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சிதையின் முன் மீனாம்பிகை இரண்டு கைகளையும் நெருப்புக்கு நீட்டினார்.